நேப்பிள்ஸ், பொம்பெய், ஹெர்குலேனியம்: போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் இத்தாலியின் நேப்பிள்ஸுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பொம்பெய், ஹெர்குலேனியம் இரண்டும், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்துபோன ரோமானிய ஊர்கள். முதல் முறை ரோமிலிருந்து காலையில் கிளம்பி, பொம்பெய் இடிபாடுகளை மட்டும் பார்த்துவிட்டு இரவே திரும்பினேன். இரண்டாம் முறை அம்மாவையும் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு போய் ஐந்து இரவு தங்கினேன். அதிலிருந்து யாராவது இத்தாலி டிக்கெட் போட்டால் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ரோமிலிருந்து ஒரே நாளில் பொம்பெய் பார்த்துவிட்டு வர முடியாதா?

முடியும். ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் 1 மணி 10 நிமிடத்தில் நேப்பிள்ஸ். அங்கே உள்ளூர் ரயில் மாறினால் இன்னொரு 40 நிமிடத்தில் பொம்பெய். ஆயிரக்கணக்கானோர் தினமும் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன், இப்போது வருத்தப்படுகிறேன். காரணம் எளிது. பொம்பெயில் நீங்கள் பார்ப்பது சுவர்களும் தெருக்களும். அந்தச் சுவர்களில் இருந்த நல்ல ஓவியங்கள், தரையில் இருந்த மொசைக்குகள், வீட்டுக்குள் இருந்த வெண்கலச் சிலைகள், கண்ணாடிக் குடுவைகள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டால், காலி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தது போலத்தான்.

அப்படியானால் எத்தனை நாள் வேண்டும்? எங்கே தங்கலாம்?

மூன்று இரவு என்பது குறைந்தபட்சம். ஒரு நாள் பொம்பெய், ஒரு நாள் அருங்காட்சியகமும் பழைய நகரமும், அரை நாள் ஹெர்குலேனியம், மீதி அரை நாள் காலார நடக்க. பலர் அழகான கடற்கரை ஊரான சொரென்டோவில் தங்குகிறார்கள். அது தவறில்லை, ஆனால் நேப்பிள்ஸை விட்டு விலகியே இருப்பீர்கள். நான் பழைய நகரத்திலோ, தொலேதோ மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலோ தங்கச் சொல்வேன். தரையும் கூரையும் நீலமாக மின்னும் அந்த நிலையமே ஒரு காட்சிதான். மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிய ஹோட்டல்கள் மலிவு. பகலில் வசதி, இரவில் அவ்வளவு மனம் ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை: செவ்வாய்க்கிழமை தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. கீழே சொல்லப்போகும் சான்செவேரோ சிற்றாலயமும் அன்று மூடியிருக்கும். எனவே செவ்வாயைப் பொம்பெய்க்கு ஒதுக்கிவிடுங்கள்.

நேப்பிள்ஸ் அழுக்கான ஊர், திருட்டு அதிகம் என்கிறார்களே?

சுவரெல்லாம் கிறுக்கல், சந்துக்குள் ஸ்கூட்டர், மாடிக்கு மாடி துணிக்கொடி. ஃப்ளோரன்ஸ் போல் துடைத்து வைத்த ஊர் இல்லை. ஆனால் மக்கள் உண்மையாக வாழும் ஊர், சுற்றுலாவுக்காக ஒப்பனை போட்டுக்கொண்ட ஊர் அல்ல. பிக்பாக்கெட் உண்டு, குறிப்பாக நெரிசலான உள்ளூர் ரயிலில். போனைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள், பையை முன்னால் மாட்டுங்கள், அவ்வளவுதான். சாலையைக் கடக்கும்போது வண்டி நிற்கும் என்று காத்திருந்தால் நாள் முழுக்க நிற்க வேண்டும். கண்ணைப் பார்த்துக்கொண்டே சீராக நடந்தால் வண்டிகள் விலகிப் போகும். நம்மூரில் சாலை கடந்து பழகியவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாடகைக் கார் மட்டும் எடுக்காதீர்கள்.

பழைய நகரத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் தெருக்களை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் கிரேக்கர்கள் இந்த இடத்தில் அமைத்த ஊரின் பெயர் நெயாபோலிஸ், அதாவது புது ஊர். அந்தப் பெயர் தேய்ந்துதான் நாப்போலி ஆயிற்று. நேப்பிள்ஸ் என்பது ஆங்கிலேயர் வாய்க்கு வந்தது. ரயில் பலகைகளில் நாப்போலி என்றே இருக்கும். கிரேக்கர் போட்ட நேர்த்தெருக்களின் கட்டம் இன்றும் மாறவில்லை. மேலே குன்றிலிருந்து பார்த்தால் ஊரை இரண்டாக வகிர்ந்தது போல் ஒரு தெரு தெரியும். அதன் பெயரே ஸ்பாக்கனாப்போலி, 'நாப்போலியைப் பிளப்பது'. பழைய நகரம் 1995இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அப்புறம் சான் லொரென்சோ மஜ்ஜோரே தேவாலயம். மேலே கோதிக் பாணிக் கோயில். படியிறங்கிப் போனால் கீழே ஒரு முழு ரோமானியச் சந்தைத் தெரு, வரிசையாகக் கடைகளோடு. பக்கத்திலேயே 'நிலத்தடி நாப்போலி' சுற்றுலாவின் நுழைவாயில். சுமார் 40 மீட்டர் ஆழத்தில், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மெதுகல்லைக் கிரேக்கர்கள் வெட்டியெடுத்த குகைகள் இருக்கின்றன. வெட்டிய கல்லால் ஊரைக் கட்டினார்கள், வெட்டிய பள்ளத்தைப் பின்னால் வந்தவர்கள் நீர்த்தேக்கமாக்கினார்கள், இரண்டாம் உலகப் போரில் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி அங்கேயே ஒளிந்தார்கள். ஓரிடத்தில் உடலைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைய முடியும். நெருக்கடியான இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு அந்தப் பகுதியைத் தவிர்க்கலாம். அம்மா அதைத்தான் செய்தார்.

சான்செவேரோ சிற்றாலயத்துக்குப் போக ஒரே ஒரு காரணம்: 1753இல் ஜுசெப்பே சான்மார்த்தினோ செதுக்கிய 'திரையிட்ட கிறிஸ்து'. இறந்து கிடக்கும் உடல்மேல் மெல்லிய துணி போர்த்தியிருக்கிறது, துணிக்குள் நெற்றி நரம்பு தெரிகிறது, துணியும் உடலும் ஒரே பளிங்குக் கல். ஏதோ ரசாயனம் ஊற்றி உண்மையான துணியையே கல்லாக்கினார்கள் என்று ஊரில் வெகுகாலம் கதை உண்டு. படம் எடுக்க அனுமதியில்லை. அதனால்தானோ என்னவோ எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள்.

சாந்தா கியாரா மடத்தின் உள்முற்றத்தில் எலுமிச்சையும் கடலும் நாட்டுப்புறக் காட்சியும் தீட்டிய வண்ண ஓடுகள் பதித்த தூண்கள் இருக்கின்றன. கால் வலித்தால் உட்கார ஊரிலேயே நல்ல இடம். தேவாலயம் 1943 ஆகஸ்ட் 4 குண்டுவீச்சில் எரிந்து, பிறகு மீட்டுக் கட்டப்பட்டது.

பேராலயத்தில் ஊர்க்காவல் புனிதர் ஜென்னாரோவின் உறைந்த இரத்தம் என்று ஒரு குப்பியைப் பாதுகாக்கிறார்கள். ஆண்டுக்கு மூன்று முறை, மே மாத முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை, செப்டம்பர் 19, டிசம்பர் 16, அதை வெளியே எடுப்பார்கள். இரத்தம் இளகினால் ஊருக்கு நல்லது, இளகாவிட்டால் கெட்ட சகுனம். டிசம்பர் தேதி 1631 எரிமலை வெடிப்பின் நினைவு நாள். இந்த ஊரில் எதைத் தொட்டாலும் கடைசியில் மலையில்தான் போய் முடிகிறது.

ஜென்னாரோவுக்கு அடுத்த தெய்வம் கால்பந்து வீரர் மரடோனா. ஸ்பானியக் குடியிருப்புப் பகுதியில் அவருடைய பெரிய சுவரோவியம் இருக்கிறது, கிட்டத்தட்ட சன்னிதி மாதிரி. அவர் ஆடிய காலத்தில் 1987இலும் 1990இலும் நாப்போலி அணி இத்தாலிய லீக் பட்டத்தை வென்றது. அடுத்த வெற்றிக்கு 2023 வரை காத்திருந்தார்கள்.

பொம்பெய்க்கு எந்த ரயில்?

சிர்க்கும்வெசுவியானா என்ற பழைய உள்ளூர் ரயில், எரிமலையைச் சுற்றி ஓடுவது. சொரென்டோ போகும் வண்டியில் ஏறி, 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி' என்ற நிலையத்தில் இறங்குங்கள். 'ஸ்காவி' என்றால் அகழாய்வு. அந்தச் சொல்லை விடாதீர்கள், ஏனென்றால் பொம்பெய் என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு. முதல் பயணத்தில் நான் வண்டியின் நெற்றியைப் பார்க்காமல் வேறு தடத்தில் ஏறி, இன்றைய பொம்பெய் ஊர்ப் பக்கம் போய் இறங்கி, கால் மணி நேரம் நடந்தேன்.

ஏசி, முன்பதிவு இருக்கை என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் மத்திய ரயில் நிலையத்துக்குக் கீழே உள்ள கரிபால்டி நிறுத்தத்தில் ஏறுவார்கள். அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால், நடக்கிற தூரத்தில், போர்த்தா நொலானா என்ற தொடக்க நிலையம் இருக்கிறது. அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். எங்கள் ஐந்து நாள் பயணத்தில் அம்மா என்னை மனமாரப் பாராட்டியது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

டிக்கெட் முன்னாலேயே வாங்க வேண்டுமா?

ஆம். 2024 நவம்பரிலிருந்து பொம்பெய்க்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, டிக்கெட்டில் உங்கள் பெயரும் இருக்கும். அடையாள அட்டை கையில் வேண்டும். விலை சுமார் 20 யூரோ, புறநகர் வில்லாக்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். தொல்லியல் பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தின் வழியாகவே வாங்குங்கள். நிலையத்துக்கு வெளியே 'வரிசை இல்லை, வாருங்கள்' என்று கூப்பிடுகிறவர்களைத் தாண்டி நடந்துவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஆனால் கூட்டத்தில் நசுங்க வேண்டும், எனக்கு அந்த லாபம் வேண்டாம்.

30 × 30 × 15 செ.மீ.க்கு மேற்பட்ட பைக்கு உள்ளே அனுமதியில்லை. வாசலில் இலவசமாக வைத்துவிட்டுப் போகலாம். உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருப்பதால் காலி பாட்டில் போதும். நிழல் குறைவு, தொப்பி கட்டாயம்.

உள்ளே போனதும் தலை சுற்றும் என்கிறார்கள். எதைப் பார்ப்பது, எந்த வரிசையில்?

பொம்பெய் மொத்தம் சுமார் 66 ஹெக்டேர். 1748இல் தோண்டத் தொடங்கினார்கள், இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டால் இப்படி நடக்கலாம்.

போர்த்தா மரீனா வாசல் வழியே நுழைந்தால் ஐந்து நிமிடத்தில் நகர மன்றம். தூண்களுக்குப் பின்னால் வெசூவியஸ் நிற்கும். எல்லோரும் அங்கே படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மெயின் ரோடு மாதிரியான அபொன்தான்சா தெருவுக்கு வாருங்கள். தெருவின் குறுக்கே பெரிய கற்கள் இடைவெளி விட்டுப் பதித்திருக்கும். தண்ணீரும் சாக்கடையும் ஓடும் தெருவைக் கால் நனையாமல் கடக்க அவை. இடைவெளி வண்டிச் சக்கரத்துக்கு. கல் தரையில் சக்கரம் தேய்த்த பள்ளத்தில் மகன் கையை வைத்துப் பார்த்தான், மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

இரண்டு பக்கமும் பாருங்கள். வட்டக் குழிகள் வைத்த கல் மேடைகள் தெரியும். அவை சாப்பாட்டுக் கடைகள். சிறிய வீட்டுக்காரர்களிடம் அடுப்படி கிடையாது, வெளியில்தான் வாங்கித் தின்றார்கள். 2021 முதல் பார்வைக்குத் திறந்த ஒரு கடையில், மேடை முகப்பில் வாத்தும் சேவலும் வரைந்திருக்கும், ஓவிய மெனு. ரொட்டிக் கடையில் எரிமலைக்கல் திரிகைகளும் அடுப்பும் அப்படியே நிற்கின்றன. ஒரு பேக்கரி அடுப்பில் வேகப்போட்ட 81 ரொட்டிகள் கரிந்த நிலையில் கிடைத்தன.

என்னை அதிகம் சிரிக்க வைத்தது சுவர் விளம்பரம். ஆம், தேர்தல் விளம்பரம். இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சிவப்பு எழுத்தில் சுவர் சுவராக எழுதியிருந்தார்கள். பழக்கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒருவரை ஆதரிக்கிறார்கள். செரீனியுஸ் வாத்தியா என்ற வேட்பாளருக்கு, இரவு வெகுநேரம் குடிப்பவர்கள் அனைவரும் ஆதரவு என்று ஒரு விளம்பரம், சில்லறைத் திருடர்கள் ஆதரவு என்று இன்னொன்று. எதிர்க்கட்சி செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும். பல எழுத்துகள் மங்கிவிட்டன, சிலவற்றைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

வீடுகளில் வெட்டியஸ் வீட்டை விடாதீர்கள். விடுதலை பெற்ற அடிமைகளான இருவர் வணிகத்தில் சம்பாதித்துக் கட்டியது. நீண்ட சீரமைப்புக்குப் பின் 2023இல் திறந்தார்கள். பணம் வந்ததைப் பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணம் சுவரெல்லாம் தெரியும். (வாசலில் ஆண்குறியைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் கடவுளின் ஓவியம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.) 'துயர நாடகக் கவிஞர் வீட்டில்' நாயின் மொசைக்கும் 'நாய் ஜாக்கிரதை' என்ற வாசகமும். ஸ்தாபியன் குளியலகத்தில் வெதுவெதுப்பு அறை, வெந்நீர் அறை என்று வரிசையாகப் பார்க்கலாம்.

கடைசியில் கால் தாங்கினால், கிளாடியேட்டர்கள் மோதிய வட்டரங்கம். கி.மு. 70 அளவில் கட்டியது. கல்லில் கட்டியவற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது. கி.பி. 59இல் பக்கத்து ஊரான நுசேரியாவின் ரசிகர்களோடு இங்கே கலவரம் மூண்டு பலர் செத்தார்கள். ரோம் அதிகாரம் பத்து ஆண்டுகளுக்கு இங்கே போட்டிகளைத் தடை செய்தது. அந்தச் சண்டையின் ஓவியமும் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அருங்காட்சியகத்தில்தான்.

வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா என்றால், முதல் இரண்டு மணி நேரத்துக்கு உரிமம் பெற்றவரை வைத்துக்கொள்ளலாம். மீதி நேரம் கூட்டம் போகாத சந்தில் தனியாக நடங்கள். மதியம் மூன்றுக்கு மேல் ரயில் பிடிக்கும் குழுக்கள் கிளம்பிவிடும்.

கல்லாகிப்போன மனிதர்கள் என்று படத்தில் காட்டுகிறார்களே, அவை உண்மையான உடல்களா?

கல்லாகவில்லை. கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது முதலில் பொம்பெயின்மேல் மணிக்கணக்காக இலேசான நுரைக்கல் மழையாகக் கொட்டியது. கூரைகள் பாரம் தாங்காமல் விழுந்தன. அதற்குள் பலர் ஓடிவிட்டார்கள். மறுநாள் காலை மலையிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் அலையாகப் பாய்ந்தன. தங்கியிருந்தவர்களைக் கொன்றது அதுதான். சாம்பல் உடல்களைச் சுற்றி இறுகியது. உடல் மட்கி, உள்ளே எலும்போடு ஒரு வெற்றிடம் மிஞ்சியது. 1863இல் ஜுசெப்பே பியொரெல்லி என்ற தொல்லியலாளர் அந்த வெற்றிடத்தில் பிளாஸ்டர் கலவையை ஊற்றி, இறுகிய பின் சாம்பலை உடைத்தெடுத்தார். ஆடையின் மடிப்பு கூட வந்தது. நாம் பார்ப்பது வார்ப்பு. ஆனால் உள்ளே இருப்பவை உண்மையான எலும்புகள். செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

வெடிப்பு ஆகஸ்ட் 24 என்றுதான் நெடுங்காலம் படித்து வந்தோம். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் நடுப்பகுதித் தேதி கரியால் எழுதியது கிடைத்தது. கரி எழுத்து ஆண்டுக்கணக்கில் நிற்காது என்பதால் வெடிப்பு அக்டோபர் 24 அளவில் இருக்கலாம் என்கிறார்கள்.

பொம்பெய், ஹெர்குலேனியம் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்?

ஹெர்குலேனியம். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள், பொம்பெய்தானே பெயர் பெற்றது என்று. பொம்பெய் ஒரு நகரத்தின் அளவைக் காட்டும், ஹெர்குலேனியம் வீட்டின் உட்புறத்தைக் காட்டும். இந்த ஊரைச் சுமார் 20 மீட்டர் கனத்துக்கு கொதிக்கும் எரிமலைச் சாம்பல் மூடியது. அந்தச் சூட்டில் மரம் எரியாமல் கரியாகி நின்றுவிட்டது. அதனால் மாடிகள், உத்தரங்கள், கட்டில், தள்ளுகதவு வரை இருக்கின்றன. இருபது நூற்றாண்டுப் பழைய மரத் தடுப்பு ஒன்று கீலோடு நிற்பதைப் பார்க்கும்போது, பொம்பெயில் வராத ஒரு நெருக்கம் வருகிறது. 'நெப்டியூனும் அம்பித்ரீத்தேயும் வீட்டில்' கண்ணாடி மொசைக்கின் நீலம் நேற்றுப் பதித்தது போல் இருக்கிறது.

கடற்கரையோரப் படகுக் கொட்டகைகளில் சுமார் 300 எலும்புக்கூடுகள் 1980களில் வெளிவந்தன. படகு வருமென்று காத்திருந்தவர்கள். கம்பிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். அங்கே மட்டும் என் மகன் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

ஊருக்குச் சற்று வெளியே, 'பப்பைரஸ் வில்லா' என்ற மாளிகையிலிருந்து கரிக்கட்டையாகிப்போன 1,800 அளவிலான பப்பைரஸ் தாள் புத்தகச் சுருள்கள் கிடைத்தன. பிரித்தால் பொடியாகிவிடும். இப்போது எக்ஸ்ரே ஸ்கேனும் கணினியும் கொண்டு சுருளை விரிக்காமலே படிக்கிறார்கள். 2023இல் முதல் சொற்கள் வெளிவந்தன.

வழி எளிது. அதே சொரென்டோ ரயிலில் 'எர்கொலானோ ஸ்காவி' நிலையத்தில் இறங்கி, கடலை நோக்கி நேராகப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் போதும்.

அருங்காட்சியகத்தில் இந்தியச் சிலை ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. 1938இல் பொம்பெயின் அபொன்தான்சா தெரு வீடொன்றில் கிடைத்த, ஒரு சாண் உயரத் தந்தச் சிலை. கழுத்தும் கையும் நிறைய நகைகள், இரண்டு பக்கமும் சிறு தோழிகள். 'பொம்பெய் லட்சுமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சியாக இருக்கலாம் என்பது பல அறிஞர்கள் கருத்து. ஏதோ ஒரு மேசைக்கால் அல்லது கண்ணாடிக் கைப்பிடியின் பகுதியாக இருந்திருக்கும். அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று இருப்பதால் வடக்கு அல்லது மேற்கு இந்தியாவோடு தொடர்புபடுத்துகிறார்கள். 'தமிழ்ச் சிலை' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். சிலையை வைத்திருப்பது 'இரகசிய அறை' என்னும் பிரிவில், பொம்பெயின் காமக் கலைப்பொருள்களோடு. நம்ம அம்மன் இங்கே என்ன செய்கிறாள் என்றுதான் அம்மா கேட்டார்.

சிலையைப் பார்த்த கையோடு வெளியே ஓடிவிடாதீர்கள். மாவீரன் அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தாரியுஸும் மோதும் மொசைக் சுமார் 15 லட்சம் சிறு கற்களால் ஆனது. பொம்பெயின் பெரிய வீடொன்றின் தரையாக இருந்தது. தரைத்தளத்தில் ஃபர்னேசே ஹெர்குலிஸ் என்ற பளிங்குச் சிலை சோர்ந்துபோய்த் தடியில் சாய்ந்து நிற்கிறது. அருங்காட்சியகத்தைப் பொம்பெய்க்கு முன்பு பார்ப்பதா பின்பா என்றால், பின்பு. காலிச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் ஓவியத்தைத் தேடும் கண் இருக்கும்.

தமிழ்நாட்டோடு உண்மையான தொடர்பு எதுவுமே இல்லையா?

ஒன்று உண்டு, அது சிலையைவிடச் சுவையானது. 'இயற்கை வரலாறு' எழுதிய மூத்த பிளினி, கி.பி. 79இல் இந்தக் குடாவின் மிசேனும் துறையில் ரோமானியக் கடற்படைத் தலைவராக இருந்தார். வெடிப்பைக் கண்டதும் கப்பலெடுத்து மக்களை மீட்கப் போய், ஸ்தாபியே கரையில் இறந்தார். அந்தப் பிளினிதான் முசிறித் துறைமுகத்தையும், துறைமுகத்துக்கு வெகுதூரத்தில் 'மொதுரா'விலிருந்து ஆளும் பாண்டிய மன்னனையும் பற்றி எழுதியவர். மிளகுக்கு இத்தனை கிராக்கி ஏன் என்று அலுத்துக்கொண்டவர். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பியவரும் அவரே. ஒருவருடைய ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறிய கதையையும் எழுதியிருக்கிறார். அந்த ஒருவர் அன்னியுஸ் ப்ளோகாமுஸ். அன்னியுஸ் குடும்பம், இதே குடாவில் இருக்கும் புத்தெயோலி, அதாவது இன்றைய பொத்சுவோலித் துறைமுகத்தில் அறியப்பட்ட வணிகக் குடும்பம்.

பொத்சுவோலிக்குப் போகலாமா? அங்கே நிலநடுக்கம் என்று செய்தி வருகிறதே?

நேப்பிள்ஸுக்கு மேற்கே இருக்கும் அந்தப் பகுதி முழுக்க வெசூவியஸைவிடப் பெரிய இன்னொரு எரிமலையின் வாய், காம்பி ஃப்ளெக்ரே. நிலம் பல்லாண்டுகளாக மெல்ல எழும்பியும் தாழ்ந்தும் வருகிறது. 2024 மே மாதம் 4.4 அளவிலும், 2025 மார்ச்சில் 4.6 அளவிலும் நடுக்கம் வந்தது. போகிற நாளில் செய்தி பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே பழைய ரோமானியச் சந்தையில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள். தூண் நின்றபடியே கடலுக்குள் மூழ்கி, மறுபடி மேலே வந்திருக்கிறது. நிலம் அசையும் என்பதற்குச் சான்றாகப் புவியியலாளர் லயல் 1830இல் தன் நூலின் முகப்பில் போட்டது இந்தப் படத்தைத்தான்.

வெசூவியஸ் மேலே ஏறலாமா?

ஏறலாம். சுமார் 1,000 மீட்டர் வரை பேருந்து போகும். அதற்கு மேல் சரளைக்கல் பாதையில் அரை மணி நடை. டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், மேலே சிக்னல் சரியாகக் கிடைக்காது. மலை உயரம் 1,281 மீட்டர், கடைசியாக வெடித்தது 1944 மார்ச்சில். குழிக்குள் நெருப்பைத் தேடாதீர்கள். கல்லும், அங்கங்கே புகையும்தான். குடாவின் காட்சி அருமை. மேகமிருந்தால் போக வேண்டாம்.

சைவர்கள் சாப்பிட என்ன கிடைக்கும்?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். பீட்சாவின் சொந்த ஊர் இது. இதைச் செய்யும் கலையை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். நடுப்பகுதி ஈரமாக இருக்கும், அது குறையல்ல, அப்படித்தான். மர்கெரீத்தாவில் தக்காளி, சீஸ், துளசி இனத்து இலை. மரினாராவில் சீஸே இல்லை, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். பெயரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம். சீஸ் தயாரிப்பில் கன்றின் குடல் நொதி சேர்வதால் கண்டிப்பானவர்கள் மரினாராவோடு நிற்கலாம். கத்தரிக்காய் பார்மிஜானா நன்றாக இருக்கும்.

கவனிக்க வேண்டியது பன்றிக் கொழுப்பு. மிளகு போட்ட தரல்லி என்ற முறுக்கு மாதிரியான வளையம், அடுக்கடுக்கான ஸ்ஃபொல்யத்தெல்லா இனிப்பு, இரண்டிலும் பாரம்பரியமாக அது சேரும். 'ஸ்த்ருத்தோ' அல்லது 'சூஞ்ஞா' இருக்கிறதா என்று கேளுங்கள். பாபா என்ற பஞ்சுக் கேக் ரம்மில் ஊறியது, குழந்தைக்குக் கொடுக்குமுன் நினைவிருக்கட்டும்.

சோறு வேண்டுமென்றால் இலங்கையர் கடைகள் இருக்கின்றன. நேப்பிள்ஸின் வெளிநாட்டுச் சமூகங்களில் பெரியது அவர்களுடையது. பெரும்பாலும் சிங்களவர், தமிழரும் உண்டு. அருங்காட்சியகத்தைச் சுற்றிய தெருக்களில் கறிவேப்பிலை வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். மூன்றாம் நாள் பருப்புக் குழம்பைப் பார்த்ததும் அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார்ந்தால் விலை கூடும்.

முழங்கால் வலி உள்ளவர்கள், குழந்தை வண்டியோடு போகிறவர்கள்?

பொம்பெயின் கல் தெருக்களில் வண்டி உருளாது. முதுகில் கட்டும் பை நல்லது. பியாத்சா அன்ஃபிதேயாத்ரோ வாசலிலிருந்து, மூன்று கிலோமீட்டருக்கு மேல் சமதளப் பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் அதில் போகும். அம்மாவை அந்த வழியாகத்தான் கூட்டிப்போனேன். ஊருக்குள் ஏற்றத்துக்குப் புனிகோலாரே என்ற கயிற்று ரயில்கள் நான்கு இருக்கின்றன. வோமெரோ குன்றுக்கு அதில் ஏறி, சாந்தெல்மோ கோட்டையிலிருந்து பார்த்தால் ஊரும் மலையும் கடலும் ஒரே பார்வையில்.

எந்த மாதம்?

ஏப்ரல், மே, அக்டோபர். ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் கூட்டமும். நவம்பர் முதல் மார்ச் வரை பொம்பெய் மாலை 5 மணிக்கே மூடிவிடும், ஆனால் தெரு உங்களுடையது.

இன்னொரு நாள் கையில் இருந்தால்?

தெற்கே பேஸ்தும். ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். ரோமானியருக்கு முந்தைய மூன்று கிரேக்கக் கோயில்கள், வயல்வெளிக்கு நடுவே. கிரீஸிலேயே இவ்வளவு முழுசாக நிற்பவை குறைவு. அங்குள்ள அருங்காட்சியகத்தில், ஒருவன் தண்ணீருக்குள் தலைகீழாகப் பாயும் கல்லறை ஓவியம் இருக்கிறது, கி.மு. 480 அளவினது. எருமைப்பால் மொசரெல்லா அந்த வட்டாரத்துச் சரக்கு. அமால்ஃபி கடற்கரையைக் கேட்பவர்களுக்கு: அது தனிப் பயணம், இதில் திணிக்காதீர்கள்.

நினைவுக்கு என்ன வாங்கி வரலாம்?

பொம்பெயிலிருந்து கல்லை மட்டும் எடுக்காதீர்கள். சட்டப்படி குற்றம். எடுத்துப்போனவர்கள் 'எடுத்த நாள் முதல் கஷ்டமாகவே இருக்கிறது' என்று கடிதம் வைத்துத் திருப்பி அனுப்பும் பொட்டலங்கள் அங்கே வந்துகொண்டே இருக்கின்றன. சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் ஆண்டு முழுக்க விற்கும். தச்சரும் பீட்சாக்காரரும் கால்பந்து வீரர்களும் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்து நிற்பார்கள். அதே தெருவில் மிளகாய் போல் சிவந்த சிறு கொம்பு தொங்கும், கோர்னிச்செல்லோ. கண்ணேறு படாமல் இருக்க. அதற்கு ஒரு விதி: தனக்குத் தானே வாங்கினால் பலிக்காது, இன்னொருவர் வாங்கித் தர வேண்டும். கடைக்காரர் இதைச் சைகையில் விளக்கிய பிறகு, மகன் தன் காசில் எனக்கு ஒன்று வாங்கினான், நான் அவனுக்கு ஒன்று வாங்கினேன். அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தனக்கு யார் வாங்கப் போகிறார்கள் என்று கேட்டார்.